காதலை வழிமொழிந்த கழகம்

ஒக்லாந்து தமிழ்ப் பண்பாட்டுப் பேணற் கழகம் ஒரு திரைப்படம் எடுப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது 1986ஆம் ஆண்டு நியூசிலாந்துக் குளிர்காலத்தில். அதற்கு முன் கழகம் ஏகமனதாகத் தீர்மானித்திருந்த ஒரே விடயம், தலைவரை மாற்றுவதில்லை என்பது.

கலை ஆர்வம் திடீரென்று பொங்கி வந்துவிடவில்லை. வேறொரு சமூகத்தார் அரசாங்கத்துக் கலை அலுவலகம் ஒன்றில் வீடியோ கமெராவை இரவல் வாங்கிப் படம் எடுத்திருந்தார்கள். அதைப் பார்க்க ஒரு மந்திரி வந்து, கைதட்டி, சமோசாவும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து கழகத் தலைவர் ஏரம்பமூர்த்திக்குச் சரியான உறக்கம் இல்லை. அவர் கழிவுநீர்க் குழாய்களுக்குக் கோடு கீறிக் கொடுக்கும் பொறியியலாளர். பண்பாடும் தாம் கீறிய கோட்டில்தான் ஓட வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

கேட்டதும் அலுவலகம் கமெராவைத் தரச் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே வாழும் ஒரு சாதாரண மனிதரின் உண்மைக் கதையாக இருக்க வேண்டும். அவரே நடிக்கவும் வேண்டும்.

இங்கேதான் சிக்கல் வந்தது. செயற்குழுவில் வைத்தியர்கள் இருந்தார்கள், பொறியியலாளர்கள் இருந்தார்கள், கணக்காளர்கள் இருந்தார்கள். சாதாரண மனிதர் ஒருவரும் இல்லை. யாராவது ஒருவர் சாதாரணமாக இருக்க முன்வர வேண்டும் என்று செயலாளர் தியாகலிங்கம் பணிவாகக் கேட்டுக்கொண்டபோது எல்லாரும் தங்கள் தங்கள் பட்டங்களை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கும் சற்குணம்தான் கடைசியில் வாயைத் திறந்தான்.

"தெற்கே புக்கெகோஹி எண்ட ஊரில ஒரு மலேசியத் தமிழர் இருக்கிறார். வெங்காயம் மூட்டை கட்டுற இடத்தில வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில பப்பில கிற்றார் அடிச்சு கன்ட்ரி பாட்டுப் பாடுறவர்."

"கன்ட்ரி எண்டால்?" என்று தலைவர் கேட்டார்.

"நாடு," என்று தியாகலிங்கம் உடனே மொழிபெயர்த்தார்.

"அப்ப நாட்டுப் பற்றுள்ள பாடகர்," என்றார் தலைவர். "கூப்பிடுங்கோ."

அப்படித்தான் முருகையா கூப்பிடப்பட்டார்.

முருகையாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, வானொலியில் வந்த அமெரிக்கக் கிராமியப் பாட்டுகளைக் கேட்டு ஆங்கிலத்தையும் கிற்றாரையும் ஒன்றாகப் பழகியவர். மின்சார வேலை தெரிந்தவர் என்று நியூசிலாந்துக்கு வந்தார். வந்த சில வருடங்களில் குடி பழகியது. குடி முற்றியதும் மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு பெர்த் நகரத்துக்குப் போய்விட்டாள். மனைவி போனதும் குடி இன்னும் முற்றியது. ஒருநாள் முட்டைக்கோஸ் தோட்டம் ஒன்றின் வேலியைக் காரால் இடித்துத் தள்ளி, நடுத் தோட்டத்தில் நின்று தோட்டக்காரனுக்கே பாட்டுப் பாடிக் காட்டினார். நீதிமன்றம் அவருடைய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டது. தோட்டக்காரன் நல்லவன், வேலியைக் கட்டிக் கொடுத்தால் போதும் என்று சொல்லி, பிறகு தன் கொட்டகையிலேயே வெங்காயம் தரம் பிரிக்கும் வேலையும் கொடுத்தான். அதன்பின் முருகையா குடிக்கவில்லை. பப்பில் பாடும்போது பக்கத்தில் லெமனேட் இருக்கும். பாட்டில் மட்டும் பழைய சோகம் முழுவதும் இருந்தது. சொந்தமாகக் கட்டிய ஒரு தமிழ்ப் பாட்டும் அவரிடம் இருந்தது.

*வெங்காய மூட்டை தீந்து போச்சு, கத்தியும் கழுவியாச்சு,*
*கண்ணு மட்டும் நிக்கலையே, யாரைக் கேட்கிறது?*

இதை அவர் பாடும்போது ஒரு சொல்லும் விளங்காத விவசாயிகள் பியர்க் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்துவார்கள்.

பணக்காரர் வாழும் ரெமுவேராவில் தலைவர் வீட்டு வாசலில், ஒரு ஞாயிறு, முருகையா கிற்றாரோடு தோட்டக்காரனின் லொறியில் வந்து இறங்கினார். பாடத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். கிற்றாரைச் சப்பாத்துகளோடு வெளியே வைத்துவிட்டு வரும்படி சொன்னார்கள். உள்ளே கம்பளத்தில் செயற்குழு வட்டமாக அமர்ந்திருந்தது. கலாசாரக் கண்காணிப்பு உபகுழுவின் தலைவி அன்னபாக்கியம் அம்மையார் மட்டும் கதிரையில் இருந்தார், கண்காணிக்க உயரம் வேண்டும் என்பதால்.

"உம்முடைய கதையைச் சொல்லும்," என்றார் தலைவர்.

முருகையா கேட்டதற்கு மறைக்காமல் சொன்னார். மனைவி போனதைச் சொல்லும்போது அன்னபாக்கியம் அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். 

"அருமையான கதை," என்றார் தலைவர். "உண்மைக் கதை. இதில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. ஒண்டு ரெண்டு சின்னத் திருத்தம் மட்டும் செய்வம்."

முதல் திருத்தம் குடியில் தொடங்கியது. தமிழன் குடிப்பதாகக் காட்டினால் வெள்ளைக்காரர் என்ன நினைப்பார்கள் என்று ஒரு வைத்தியர் கேட்டார். அவர் கையிலிருந்த கிளாஸில் என்ன இருந்ததென்று யாரும் கேட்கவில்லை. பியருக்குப் பதிலாகச் சூடான பால் என்று முடிவானது.

"பாலைக் குடிச்சிட்டா சார் வேலியை இடிச்சேன்?" என்றார் முருகையா.

"தேவாரம் பாடிக்கொண்டு ஓட்டினீர். கண் தன்னால மூடிட்டுது. பக்தியால இடிச்சது," என்றார் தலைவர்.

அடுத்த ஞாயிறு மனைவியை எடுத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பெண் கணவனை விட்டுப் போக மாட்டாள். ஆகவே அவள் இறந்துவிட வேண்டும் என்று அன்னபாக்கியம் அம்மையார் முன்மொழிந்தார்.

"அவங்க பெர்த்ல நல்லா இருக்காங்க மேடம். போன கிறிஸ்மஸுக்குக் கார்டு கூட போட்டாங்க."

"அது அவாவின்ர சொந்த விசயம்," என்றார் தலைவர். "படத்தில செத்திட்டா."

எந்த நோயால் இறப்பது என்று வைத்தியர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஒவ்வொருவரும் தன்னுடைய துறை நோயாலேயே அவள் சாக வேண்டும் என்று நின்றார். இருதய வைத்தியரும் சிறுநீரக வைத்தியரும் ஒருவரோடொருவர் பேசாமல் விட்டார்கள். சமாதானம் செய்யத் தியாகலிங்கம் ஒரு வழி கண்டார். மனைவி இறந்தால், அலுவலகத்துக்குச் சொன்னபடி படத்தின் பிற்பகுதியில் வரும் அன்பு இரண்டாம் தாரம் ஆகிவிடும். அது இளம் தலைமுறைக்குக் கூடாது. எனவே முருகையா கலியாணமே செய்யாதவர்.

"அப்புறம் நான் எதுக்கு சார் சோகமா பாடுறேன்?" என்று முருகையா கேட்டார். அவர் குதர்க்கம் பேசவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

செயற்குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் நினைக்கவில்லை.

"தமிழின்ர நிலையை நினைச்சு," என்றார் தலைவர், சற்று யோசித்துவிட்டு.

வெங்காயப் பாட்டும் தப்பவில்லை. வெங்காயம் சாத்வீக உணவல்ல என்று அன்னபாக்கியம் அம்மையார் சொன்னதால் அது தாமரை ஆனது. தாமரை மூட்டை தீர்ந்து போச்சு என்று பாடிக் காட்டச் சொன்னார்கள். முருகையா பாடினார். அவருக்கே சிரிப்பு வந்தது. மற்றவர்கள் தலையை ஆட்டி ரசித்ததால் அடக்கிக்கொண்டார்.

கதாநாயகிக்கு ஆள் தேடினார்கள். செயற்குழுவினர் எல்லாருக்கும் மனைவியும் மகளும் இருந்தார்கள். ஆனால் எல்லாருடைய மனைவியும் மகளும் கௌரவமானவர்கள். அப்போதுதான் அன்னபாக்கியம் அம்மையார் குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே ரதிதேவி வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

ரதிதேவி யாழ்ப்பாணத்துக்காரி. விரி என்ற ஊரில் ஒரு பெரிய களஞ்சியத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பகுதிக்குக் கிளார்க். ஹமில்டனில் வைத்தியராக இருந்த கணவர் கோபம் வந்தால் கையை நீட்டுகிறவர். ஒருநாள் தன் துணிகளை டட்சன் காரில் ஏற்றிக்கொண்டு பாப்பாகுராவுக்கு வந்து, விவாகரத்தும் வாங்கித் தனியாகக் குடியிருந்தாள். கழகம் இரு தரப்பையும் நடுநிலையோடு விசாரித்து, கணவரை ஆயுட்கால உறுப்பினராக வைத்துக்கொண்டு, அவளுக்கு வடைப் பொறுப்பைக் கொடுத்திருந்தது.

"இந்தப் பிள்ளை நடிக்கட்டும்," என்றார் அம்மையார், குரலைத் தாழ்த்தாமலே. "அவவுக்கு ஏற்கெனவே பேர் போயிட்டுது. இனிப் போறதுக்கு என்ன இருக்கு?"

ரதிதேவி எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடையை எடுத்து வடியவிட்டாள். "ஓம் அன்ரி," என்றாள். "நடிக்கிறன். வடைக்கு வேற ஆளைப் பாருங்கோ."

முருகையாவுக்கு லைசென்ஸ் இல்லை; தோட்டக்காரனின் லொறியும் ஞாயிறு தோறும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை தெற்குப் பக்கத்துக்கு ரயிலும் இல்லை. செயற்குழுவில் யாருக்கும் அவரைக் கூட்டிவர நேரம் இல்லை. ரெமுவேராவிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெற்கே உள்ள ஊர்கள் எல்லாம் ஒரே ஊர்தான். எனவே கதாநாயகி தன் காரிலேயே கதாநாயகனை ஏற்றிவந்து இறக்கிவிட வேண்டும் என்று தலைவர் முன்மொழிய, அன்னபாக்கியம் அம்மையார் வழிமொழிய, ஏகமனதாக நிறைவேறியது.

அதே கூட்டத்தில், அதற்கு அடுத்த தீர்மானமாக, படத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் ஒரே காட்சியில் அருகருகே தோன்றக் கூடாது என்பதும் நிறைவேறியது.

இப்படியாக முருகையாவும் ரதிதேவியும் ஞாயிறு தோறும் ஒரே காரில் வந்து இறங்கி, தனித்தனி அறைகளுக்குப் போய், தனித்தனியே படம்பிடிக்கப்பட்டு, மறுபடி ஒரே காரில் ஏறிப் போனார்கள். தலைவரின் குசினியில் பிரிட்ஜைக் கதாநாயகியாக நினைத்துக்கொண்டு முருகையா பேச வேண்டும். ரதிதேவிக்குக் கதாநாயகனாக ஒரு குடைத் தாங்கி கிடைத்தது. முருகையாவுக்குப் பிரிட்ஜைப் பார்த்தால் அன்பு வரவில்லை. சற்குணம் பலமுறை நிறுத்தி நிறுத்தி எடுத்தான்.

"பிரிட்ஜுக்கு அங்கால பாருங்கோ," என்றாள் ரதிதேவி. அவள் பிரிட்ஜுக்குப் பின்னால் கதவோரமாகத் தன் முறைக்குக் காத்து நின்றாள். முருகையா அங்கே பார்த்தார். "உங்களைப் பார்த்த நாள் முதல் என் தமிழ் வளர்ந்தது" என்ற வசனத்தைச் சொன்னார். அந்த வசனத்தை யார் சொன்னாலும் சிரிப்புத்தான் வரும். ஆனால் குசினியில் ஒருவரும் சிரிக்கவில்லை. சற்குணம் "சரி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கமெராவை நிறுத்தினான்.

காரில் அவர்கள் அதிகம் பேசியது படத்தைப் பற்றியல்ல. அவர் பசியாறினாரா என்பதில் தொடங்கி, அவள் மேலாளருக்குத் தெரியாமல் களஞ்சியத்தில் வளர்க்கும் பூனை வரை போகும். ஒருமுறை அவள் கேட்டாள்: "உங்கட உண்மையான பாட்டு என்ன? தாமரைக்கு முந்தி இருந்தது?"

அவர் கிற்றார் இல்லாமல் மெல்லப் பாடினார். கண்ணு மட்டும் நிக்கலையே என்ற இடத்தில் அவள் வெடித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காரை ஓரங்கட்டினாள். பிறகு சிரிப்பு நின்று, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி வெளியே இருந்த முள்ளுக்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முருகையா கைக்குட்டையை எடுத்துக் கார்க் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள்.

வசந்த காலம் வந்தபோது படம் உச்சக்கட்டத்தை அடைந்தது. கதாநாயகன் அன்பைக் கண்டடைய வேண்டும் என்று அலுவலகத்துக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. எந்த அன்பு என்று சொல்லவில்லை. கழகம் நீண்ட விவாதத்துக்குப் பின் அதையும் தீர்த்து வைத்தது. கதாநாயகி கதாநாயகனைப் பார்த்து, "அண்ணா, நாம் இருவரும் தமிழன்னையின் பிள்ளைகள்" என்று சொல்வாள்; இருவரும் வானத்தைப் பார்ப்பார்கள்; வாழ்த்துப்பா ஒலிக்கும். உடன்பிறப்புகள் ஆகிவிட்டதால் இந்த ஒரு காட்சியில் மட்டும் இருவரும் எதிரெதிரே நிற்க அனுமதி கொடுக்கப்பட்டது.

அந்த ஞாயிறு காலையில் மழை. டட்சனின் வைப்பர் ஒன்று வேலை செய்தது, மற்றது துணைக்கு ஆடியது. பாப்பாகுரா தாண்டும்வரை முருகையா வாயைத் திறக்கவில்லை.

"இன்னைக்கு நீங்க என்னை அண்ணான்னு கூப்பிடணும்," என்றார் பிறகு.

"ஓம். வாசிச்சனான்."

"கூப்பிடுவீங்களா?"

"எழுதியிருக்கிறதைத்தானே சொல்ல வேணும். கமெராவில பதிஞ்சால் பிறகு அழிக்கேலாது. முழு ஒக்லாந்தும் பார்க்கும்." அவள் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஏன், உங்களுக்கு ஏதும் கரைச்சலோ?"

காதலைப் பற்றி நூறு பாட்டுப் பாடிய மனிதர் அவர். அவற்றில் ஒரு வரியாவது இப்போது வந்து உதவியிருக்கலாம். ஒன்றும் வரவில்லை.

"வேணாம்ங்க," என்றார். "அப்படிக் கூப்பிடாதீங்க. நான் ஒரு குடிகாரன். இப்ப இல்ல, ஆனா இருந்தவன். காருக்கு லைசென்ஸ் கிடையாது. வெங்காயம் அடுக்குறேன். கையை மோந்து பாத்தா தெரியும். நீங்க யோசிச்சுத்தான் சொல்லணும். ஆனா அண்ணான்னு மட்டும் வேணாம்."

மழையை வைப்பர் ஒரு பக்கம் தள்ளியது.

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

"முருகையான்னே கூப்பிடுங்க."

"எங்கட பக்கத்தில பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை." அவளுடைய காது சிவந்திருந்தது. "வேற ஒரு சொல் இருக்கு. போனாப் பிறகு சொல்லுறன்."

தலைவரின் வரவேற்பறையில் செயற்குழு முழுவதும் வந்து கூடியிருந்தது. உச்சக்கட்டம் என்பதால் அன்னபாக்கியம் அம்மையார் பட்டுச் சேலை கட்டியிருந்தார். இருவருக்கும் நடுவே ஒரு முழ உயரக் குத்துவிளக்கு வைக்கப்பட்டது. சற்குணம் கமெராவை ஓடவிட்டான்.

ரதிதேவி நிமிர்ந்து முருகையாவைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ," என்றாள்.

முருகையாவுக்கு அது புதுச் சொல். "ஏங்க?" என்று இயல்பாகக் கேட்டார்.

அறையில் இருந்த மற்ற எவருக்கும் அது புதுச் சொல் அல்ல. அங்கிருந்த ஒவ்வொரு ஆணையும் வீட்டில் ஒரே ஒரு பெண் அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டாள். வைத்தியர் ஒருவர் பழக்கதோஷத்தால் "என்னப்பா?" என்று எழுந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். தலைவரின் கையில் தேத்தண்ணிக் கோப்பை சரிந்து கம்பளத்தில் ஊற்றியது. அவருடைய மனைவி அதைத் துடைக்கப் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்று ரதிதேவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்து என்று யாரும் சொல்லாததால் சற்குணம் கமெராவை நிறுத்தவில்லை.

அரை மணி நேரத்தில் அவசரக் கூட்டம் கூடியது. கம்பளத்தின் நடுவில் முருகையாவை உட்காரவைத்து, தலைவர் எழுந்து பேசினார்.

"இந்தக் கழகம் காதலுக்கு எதிரி இல்லை. சங்க இலக்கியத்தில பாதி காதல்தான். அதை நாங்கள் மேடையில எத்தினை தரம் புகழ்ந்திருக்கிறம். ஆனா அது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி நடந்தது. செத்த ஆக்கள் காதலிச்சால் இலக்கியம். உயிரோட இருக்கிற ஆக்கள், அதுவும் என்ர ஹோலுக்குள்ள காதலிச்சால், அது ஒழுங்கீனம். பண்பாடு எண்டது என்ன? நடந்ததைக் காட்டுறதில்லை. நடந்திருக்க வேண்டியதைக் காட்டுறது. நடந்தது வேற மாதிரி இருந்தால், நடந்ததைத் திருத்த வேணும்." இங்கே கைதட்டல். "முருகையா, சொல்லும். இது எப்ப தொடங்கினது?"

"கார்லதான் சார்."

"எந்தக் காரில?"

"நீங்க ஏற்பாடு பண்ணுனீங்களே, அந்தக் கார்ல."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். தியாகலிங்கம் நடைமுறை விடயத்தில் பொய் சொல்லத் தெரியாதவர். "தலைவர் முன்மொழிஞ்சவர்," என்றார் அவர். "அன்னபாக்கியம் அம்மா வழிமொழிஞ்சவா. ஏகமனதாய் நிறைவேறினது."

 முருகையாவுக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ரொம்ப நன்றிங்க சார்," என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "நன்றி மேடம்."

அது நிலைமையைச் சீராக்கவில்லை. கார் ஏற்பாட்டைப் பின்னோக்கி ரத்துச் செய்வதென்று உடனே தீர்மானம் வந்தது. அதன்படி அவர்கள் இருவரும் ஒருபோதும் ஒரே காரில் போகவில்லை. ஆகவே எதுவும் நடக்கவில்லை. நடக்காததைப் பற்றி மேலும் விவாதிக்கத் தேவையில்லை. முருகையா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, ரத்துச் செய்யப்பட்ட கார் வாசலில் என்ஜினை ஓடவிட்டபடி நின்றது.

"எதுக்குங்க எல்லாரும் அப்படி அதிர்ந்து போனாங்க?" என்று ஏறி உட்கார்ந்து கேட்டார். "அந்தச் சொல்லுக்கு என்னா அர்த்தம்?"

"இங்கே பாருங்கோ எண்டுதான் அர்த்தம்," என்றாள் ரதிதேவி. "வேற ஒண்டும் இல்லை. ஆனா புருசனை மட்டும்தான் பார்க்கச் சொல்லுறது."

அவர் பார்த்தார். பின்னால் வந்த கார்க்காரன் ஹோன் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் நிற்கவில்லை. மீதிக் காட்சிகளில் கதாநாயகனாகத் தலைவரே நடித்தார். பாடுவதற்குப் பதிலாகப் பேசினார். கதாநாயகி இனித் தேவையில்லை என்று அவளுடைய பகுதி குடைத் தாங்கிக் காட்சியோடு நிறுத்தப்பட்டது. மவுண்ட் ரொஸ்கிலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வெளியீடு. மந்திரி வரவில்லை, அலுவலகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். பாடகர் எங்கே என்று அவள் கேட்டபோது, பேசுகிறவர்தான் பாடகர், இது தமிழ்ப் பாடல் மரபு என்று தியாகலிங்கம் விளக்கினார். அவள் பண்பாட்டுக்கு மரியாதை கொடுத்துத் தலையசைத்தாள்.

முருகையாவும் ரதிதேவியும் பின்வரிசையில் வந்து சேர்ந்து உட்கார்ந்தார்கள். தலைகள் திரும்பின, திரும்பிய தலைகளைப் பார்த்து ரதிதேவியும் தலையசைத்தாள். முருகையா நடித்தவற்றில் ஒரே ஒரு காட்சி மிஞ்சியிருந்தது. பிரிட்ஜைத் தாண்டிப் பார்த்து அவர் பேசும் காட்சி. அதை வெட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒட்டாது என்று சற்குணம் தொழில்நுட்பக் காரணம் சொல்லியிருந்தான். அந்த ஒரு நிமிடம் மட்டும் மண்டபத்தில் குழந்தைகள்கூட ஓடவில்லை. வெளியே தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள்: "படம் ஒண்டும் விளங்கேல்லை. ஆனா அந்த மனுசன் பிரிட்ஜோட கதைக்கேக்க எனக்கு அழுகை வந்திட்டுது. என்ர வீட்டில ஒருத்தரும் என்னோட அப்பிடிக் கதைச்சதில்லை."

மறுமாதம் அவர்கள் பதிவாளர் அலுவலகத்தில் கலியாணம் செய்துகொண்டார்கள். முட்டைக்கோஸ் தோட்டக்காரனும் சற்குணமும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கழகம் வாளாவிருக்கவில்லை. உறுப்பினர் ஒருவர் மதுபானம் விற்கும் இடத்தில் பாடுகிறவரை மணந்திருப்பதால், அந்த இடத்தின் ஒழுக்க நிலையை நேரில் ஆராய ஒருநபர் விசாரணைக் குழு அமைத்தது. அந்த ஒருநபர் அன்னபாக்கியம் அம்மையார்.

சனிக்கிழமை பிற்பகல், நல்ல வெயில். பப்பின் கதவைத் தள்ளிக்கொண்டு, காஞ்சிபுரச் சேலையும் கைப்பையுமாக அம்மையார் உள்ளே வந்து நின்றார். ஒரு விவசாயி எழுந்து, தொப்பியைக் கழற்றி, தன் கதிரையை அவருக்குக் கொடுத்தான். ரதிதேவி கண்டுவிட்டு ஒரு கிளாஸ் ஒரேஞ்ச் ஜூஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சந்தோசத்துக்கு வரேல்லை, பிள்ளை," என்றார் அம்மையார், கிளாஸைத் தொடாமல். "விசாரணைக்கு வந்தனான்."

"ஓம் அன்ரி. விசாரியுங்கோ."

மேடையில் முருகையா கிற்றாரைச் சரிசெய்துகொண்டு, புதிதாகக் கட்டிய பாட்டு ஒன்றை எடுத்தார். கதவைத் தட்டப் பயந்து வருடக்கணக்காக வாசலிலே நின்றவனைப் பற்றியது. உள்ளே இருந்தவளும் அதே கதவின் மறுபக்கம் நின்றிருக்கிறாள், இருவருக்கும் தெரியாது. அவ்வளவுதான் பாட்டு. பாதிக்கு மேல் அம்மையார் கைப்பையின் வாரைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. ஜூஸைக் கொஞ்சம் குடித்தார். பாட்டு முடிந்து விவசாயிகள் மேசையைத் தட்டியபோது அவர் தட்டவில்லை. முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு நேரே பார்த்தார். இரண்டாம் பாட்டுக்கும் அப்படியே. மூன்றாம் பாட்டுக்கு அவருடைய செருப்பின் நுனி மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

முருகையா கிற்றாரை இறக்கி வைக்கப் போனார். அம்மையார் ரதிதேவியின் பக்கம் குனிந்தார்.

"அறிக்கை எழுதுறதெண்டால் லேசுப்பட்ட வேலை இல்லை," என்றார். "இவ்வளவு காணாது. அவரை இன்னும் ரெண்டு பாட்டுப் பாடச் சொல்லு, பிள்ளை. அடுத்த சனியும் நான் வர வேண்டியிருக்கும்."